சட்டிக்கு ஒரு மைக்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பறையும் கிட்டாரும் சேர்ந்த கச்சேரிகளைப் பற்றியே இருந்தன. எனக்கும் அதே பித்து என்பதால் மொத்தப் பக்கத்தையும் அதற்கே கொடுத்துவிட்டேன். விலைவாசி, கிரிக்கெட், சினிமா கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், கிழக்குத் தாம்பரம்: நாட்டுப்புறப் பாட்டுக்குக் கரண்ட் எதற்கு சார்?

ரயில்வேக்காரர் நீங்களே இப்படிக் கேட்கலாமா சார்? 1931-ல் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் விட்டார்கள். ஏறினவர்கள் அதே கூடை, அதே கைக்குழந்தை, அதே ஊர்க்கதையோடுதான் ஏறினார்கள். சட்டையில் கரி படியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆடியில் நம் பக்கத்து அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் அன்று போய்ப் பாருங்கள். பம்பைக்காரர் முன்னால் மைக், வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர், சத்தம் நாலு தெரு தாண்டும். எங்கள் பாட்டி காலத்திலேயே நாட்டுப்புறம் கனெக்‌ஷன் வாங்கிவிட்டது. நான் மேடையில் பார்ப்பது வேறு ஒன்றை: மைக் யார் முன்னால் இருக்கிறது? பாடுகிறவருக்கு மட்டுமா, மேளம் அடிக்கிறவருக்கும் உண்டா? அதை வைத்தே அந்தக் குழுவைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

பெருங்களத்தூர் வாசகி: பறை, கானா, கிட்டார் எல்லாம் சேர்ந்த அந்தக் குழுவில் யார் யார் இருந்தார்கள்? பாடுகிறவர்கள் பெயர் மட்டும்தான் எனக்குத் தெரியும்.

பாடுகிறவர்கள் பெயரே தெரியாதவர்களும் உண்டு. உங்களுக்கு அதாவது தெரிந்திருக்கிறது. மீதியை நான் சொல்கிறேன்.

தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலில் மேடை ஏறியது 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து கூட்டிய குழு. 19 பேர், கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு நின்றார்கள். அந்தக் கோட்டு எந்தத் தலைவரை நினைவுபடுத்தும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

குழுவை நடத்தியவர், இசையை ஒருங்கிணைத்தவர் டென்மா. அதற்கு முன் கபேர் வாசுகியோடு ‘குரங்கன்’ என்ற குழுவில் இருந்தவர். பாட்டுக்கு முத்து, பாலசந்தர், செல்லமுத்து, இசைவாணி, ராப்புக்கு அரக்கோணத்து அறிவு. கிட்டார் சாஹிப் சிங், டிரம்ஸ் மனு கிருஷ்ணன்.

இனி நீங்கள் கேட்ட ‘மீதி’. டோலக், தபலா, சட்டி மூன்றையும் கையாண்டவர் தரணி. சட்டி சரத். கட்ட மோளம் கௌதம். பறையும் கட்ட மோளமும் நந்தன். இந்த நாலு பேரை எடுத்துவிட்டால் அந்தக் குழு நல்ல ராக் குழுவாக இருந்திருக்கும், ஆனால் மெட்ராஸாக இருந்திருக்காது. சட்டி என்பது நம் தெருவில் சாவு ஊர்வலத்தில் காதைப் பிளக்கிற அந்தச் சின்ன மேளம். அது எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் பக்கத்தில் நின்றபோது கிட்டார்தான் தன் இடத்தைத் தேடவேண்டியிருந்தது. முதல் முறை கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது. இன்று கேட்டாலும் சிலிர்க்கிறது.

இரும்புலியூர்: கானா, நாட்டுப்புறம் ஆகுமா? அதில் நாடும் இல்லை, புறமும் இல்லையே?

ஏற்றம் இறைத்தவர் பாடினால் நாட்டுப்புறம், மீன்பாடி வண்டி மிதித்தவர் பாடினால் இல்லையா? எழுதி வைக்காமல், பள்ளிக்கூடம் வைக்காமல், கேட்டுக் கேட்டே கைமாறும் பாட்டு நாட்டுப்புறம். கானா அப்படித்தான் வந்தது. இழவு வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, செத்தவர் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பாடுகிற பழக்கம் அதன் வேர். டோலக் இல்லாத இடத்தில் தகர டின், டின்னும் இல்லையென்றால் தீப்பெட்டி. மின்சார ரயிலில் காலேஜ் பையன்கள் தட்டும் கதவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் வாத்தியம்தான்.

சித்த மருத்துவமனைக்கு அடிக்கடி போகிறவர், தாம்பரம் சானடோரியம்: அந்தக் குழு வடசென்னைக்காரர்களுடையது. நம் தாம்பரத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கஷாயம் வாங்க வரிசையில் நிற்கும்போது தலையை நிமிர்த்திப் பலகையைப் பாருங்கள் ஐயா. 2005-ல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பண்டிதர் (1845–1914) சித்த வைத்தியர். 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகையைத் தொடங்கியவர். 1898-ல் பௌத்த சங்கம் கண்டவர். தம் மக்களைச் சாதியில்லாத தமிழர் என்று சொன்னவர். ‘காஸ்ட்லெஸ்’ என்ற பெயரைக் குழு எடுத்தது அவர் வாக்கிலிருந்து. ஜி.எஸ்.டி. ரோட்டில் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் பெயரைக் கடந்துபோகிறோம். வைத்தியராக ஒரு கட்டடத்திலும், சொல்லாக ஒரு மேடையிலும் அவர் இருக்கிறார். இரண்டும் ஒரே ஆள்தான் என்று பக்கத்தில் நிற்பவரிடம் நான் சொல்லாத நாள் குறைவு.

பல்லாவரம்: ‘பேண்ட்’ என்ற சொல்லுக்கு நல்ல தமிழ் சொல்லுங்கள்.

1916-ல் தனித்தமிழ் இயக்கம் பிறந்த ஊரிலிருந்து, மறைமலையடிகள் வாழ்ந்த பல்லாவரத்திலிருந்து வந்திருக்கும் கேள்வி. தப்பிக்க முடியாது! ‘இசைக்குழு’ எல்லோருக்கும் தெரிந்தது. கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் ‘செட்டு’ என்பார்கள், ‘பார்ட்டி’ என்பார்கள். எனக்குப் பிடித்தது ‘ஜமா’. வடதமிழ்நாட்டில் தெருக்கூத்துக்காரர்களும் மேளக்காரர்களும் தங்கள் குழுவை அப்படித்தான் சொல்கிறார்கள். அதுவும் வெளியிலிருந்து வந்த சொல்தான், அடிகள் மன்னிக்கட்டும். ஆனால் ஜமா என்றவுடன் ஒரே வண்டியில் போய், ஒரே பானையில் சாப்பிட்டு, விடியக்காலை காசைப் பிரித்துக்கொள்கிற கூட்டம் கண்முன் வருகிறது.

குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்: பறைக்கு மைக் வைப்பதில் என்ன சிக்கல்? எங்கள் கல்லூரி விழாவில் ‘கூ’ என்று கத்தியது.

எழுத்தாளர் சுஜாதா படித்த கல்லூரியிலிருந்து கேட்கிறீர்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் சிக்கல், பறைக்காரர் ஒரே இடத்தில் நிற்க மாட்டார். அடிக்கிறவரே ஆடுகிறவர். ஸ்டாண்டில் மைக் வைத்தால் ஒரு அடவுக்குக் கேட்கும், அடுத்த அடவுக்குக் காணாமல் போகும். ஆப்பரேட்டர் பதறிப்போய் சத்தத்தைக் கூட்டுவார், பறை திரும்பி வரும்போது ‘கூ’. வட்டக்கட்டையின் விளிம்பில் மாட்டுகிற சின்ன வயர்லெஸ் மைக்தான் வழி. பறைக்கு ஒரு பக்கம்தான் தோல், பின்பக்கம் திறப்பு. முன்னால் மைக் வைத்தால் குச்சியின் சுளீர் தூக்கும், பின்னால் வைத்தால் ‘தொம்’ தூக்கும். எது வேண்டும் என்று ஆப்பரேட்டர் முடிவு பண்ணக்கூடாது, அடிக்கிறவரைக் கேளுங்கள். மெல்லிய மூங்கில் சிண்டுக்குச்சி ஒரு கையில், தடித்த அடிக்குச்சி மறு கையில். இரண்டும் கேட்கவில்லை என்றால் பாதிப் பறைதான் கேட்கிறது.

இரண்டாவது சிக்கல், சுருதி. கிட்டார்காரர் போனைப் பார்த்து முறுக்காணியைத் திருகுகிறார். பறைக்காரர் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுகிறார். கடல் காற்று அடிக்கிற நம் ஊரில் கொஞ்ச நேரத்தில் தோல் தளர்ந்துவிடும், ஏ.சி. அரங்கிலும் அதே கதை, அரங்குக்குள் நெருப்புக்கு அனுமதியும் கிடையாது. அதனால் ஃபைபர் பறைக்கு மாறியவர்கள் உண்டு. அது மழைக்கு அஞ்சாது, நெருப்பும் கேட்காது. எனக்குத் தோல்தான் பிடிக்கும், ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மழையில் நனைந்து அடிக்கப்போவது நான் இல்லை. ஃபைபர் எடுத்தவரைக் குறை சொல்லமாட்டேன். தோல் பறை வைத்திருப்பவர் காய்ச்சிவிட்டு வரும்வரை கிட்டார் காத்திருக்கட்டும். அந்த ஐந்து நிமிடத்தை நிகழ்ச்சி நிரலிலேயே எழுதிவிடுங்கள்.

மூன்றாவதும் உண்டு. டிரம்ஸ்காரர் நாலு நாலாக எண்ணப் பழகியவர், நம் டப்பாங்குத்து ஆறில் புரளும். ஒத்திகையில் பறை முதலில் ஆரம்பிக்கட்டும், மற்றவர்கள் வந்து சேரட்டும். மாறிச் செய்தால் பறை ஒப்புக்குத்தான் நிற்கும்.

அக்கா மகன் இங்கிலாந்தில் இருப்பவர், சேலையூர்: அங்கேயும் எலெக்ட்ரிக் கிட்டாரோடு கிராமிய நடனம் ஆடுகிறார்களாமே?

ஆடுகிறார்கள், அரை நூற்றாண்டுக்கு மேலாக. அமெரிக்காவில் பாப் டிலன் 1965 ஜூலை 25-ல் நியூபோர்ட் நாட்டுப்புற விழாவில் எலெக்ட்ரிக் கிட்டாரோடு வந்தபோது ஒரு பகுதிக் கூட்டம் கூச்சல் போட்டது. இங்கிலாந்தில் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழு 1969-ல் ‘லீஜ் அண்ட் லீஃப்’ இசைத்தட்டில் பழைய கதைப்பாடல்களுக்குக் கரண்ட் கொடுத்தது. அந்தத் தட்டில் பேஸ் கிட்டார் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ் 1972-ல் இன்னும் ஒரு படி போய், காலில் சலங்கை கட்டி ஆடுகிற மோரிஸ் நடன மெட்டுகளை ‘மோரிஸ் ஆன்’ என்று மின்கருவிகளோடு பதிவுசெய்தார். அக்கா மகனிடம் அதைத் தேடிக் கேட்கச் சொல்லுங்கள். சலங்கையும் டிரம்ஸும் சேர்கிற இடத்தில் நம் கால் தானாக ஆடும்.

ஒரு வேறுபாடு மட்டும் மனதில் இருக்கட்டும். அங்கே அது அருகிப்போய், ஏட்டிலிருந்தும் கிழவர்களிடமிருந்தும் மீட்டெடுத்த ஆட்டம். நம் சட்டியும் பறையும் போன வாரம்கூட உங்கள் தெரு வழியாகப் போயிருக்கும். மீட்பதற்கு இங்கே ஒன்றும் இல்லை. கதவைச் சாத்தாமல் இருந்தால் போதும்.

முடிச்சூர்: டிரம் செட் வெள்ளைக்காரன் சரக்கு. அதைப் பறைக்குப் பக்கத்தில் வைப்பது சரியா?

டிரம் செட்டின் பிறப்பைக் கேட்டால் நீங்களே நாற்காலி போட்டு உட்காரவைப்பீர்கள். தெருவில் நடந்துபோகும் ஊதுகுழல் குழுக்களில் பெரிய மேளத்துக்கு ஒருவர், சின்ன மேளத்துக்கு ஒருவர், தாளத்துக்கு ஒருவர் என்று இருந்தார்கள். அதையெல்லாம் ஒரே ஆள் உட்கார்ந்து அடிக்க வழிசெய்ததுதான் டிரம் செட். 1909-ல் லட்விக் என்பவர் காலால் மிதித்தால் பெரிய மேளம் அடிக்கும் மிதிகட்டைக்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் கறுப்பின மக்களின் ஊதுகுழல் குழுக்கள் சவ ஊர்வலத்தில் போகும்போது சோகமாகவும், அடக்கம் முடிந்து திரும்பும்போது ஆட்டமாகவும் வாசித்தன. ஜாஸ் வளர்ந்த மண்ணில் அதுவும் ஒன்று. நம் சட்டியும் சாவு ஊர்வலத்துக்காரர், டிரம் செட்டும் சாவு ஊர்வலத்துக்காரர். ஒரே மேடையில் நிற்கிறவர்கள் சம்பந்திகள்தான்.

அடுக்குமாடி வாசகர், மேடவாக்கம்: எங்கள் குடியிருப்பில் பொங்கலுக்குப் பறையாட்டம் வைக்கலாம் என்றேன். ‘சாவு மேளம் வேண்டாம்’ என்று சங்கக் கூட்டத்தில் அடக்கிவிட்டார்கள். என்ன பதில் சொல்வது?

எனக்கு ஒன்பது வயது இருக்கும். எங்கள் தெருவில் ஒரு சாவு ஊர்வலம் போனது. மேளத்தின் பின்னாலேயே மூன்று தெரு போய்விட்டேன். திரும்பி வந்தபோது அப்பா வாசலிலேயே நிறுத்தி, தலையில் தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே விட்டார். குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றேன், காதில் மட்டும் அந்த அடி ஓயவில்லை. இறந்தவருக்காக அந்தத் தண்ணீர் என்று அன்று நினைத்தேன். மேளம் அடித்தவர்களுக்காகவும்தான் என்று பல வருடம் கழித்துப் புரிந்தபோது வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது. அதனால் உங்கள் கேள்விக்குச் சிரித்துக்கொண்டு பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

கூட்டத்தில் இப்படிக் கேளுங்கள். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது தெய்வம், உணவு, மரம், பறவையோடு பறையையும் சேர்க்கிறது. பறையில்லாத நிலமே இல்லை. கோயிலில் சப்பரத்தடி, சாமி வந்தவருக்கு மருளடி, மங்கலத்துக்கு வாழ்த்தடி, ஏன், சினிமா அடி என்றுகூடப் பறைக்கு அடிகள் உண்டு. இத்தனை வைத்திருக்கும் கருவியை ஒரே ஒரு வேலைக்குள் பூட்டியது நாம். தோல் தீட்டு என்றால், மிருதங்கத்தில் இருப்பது மாட்டுத்தோலும் எருமைத்தோலும் ஆட்டுத்தோலும்தான். அதைச் செய்துகொடுக்கும் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-ல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று ஒரு புத்தகமே எழுதினார். மிருதங்கம் சபாவுக்குள் போகும், அதைச் செய்தவர் வாசலில் நிற்பார் என்றால் தீட்டு தோலில் இல்லை.

கூட்டம் கேட்கவில்லை என்றால், உங்கள் பிளாட் வாசலில் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு பாட்டு போடுங்கள். பிள்ளைகளின் கால் எந்தச் சங்கத் தீர்மானத்துக்கும் கட்டுப்படாது.

ஒரு அம்மா, சிட்லபாக்கம்: பத்தாவது படிக்கும் என் பெண் பறை கற்கவேண்டும் என்கிறாள். பெண்பிள்ளைக்கு இது ஒத்துவருமா? வீட்டில் பயப்படுகிறார்கள்.

நீங்கள் பயப்படவில்லை என்பது கேள்வியிலேயே தெரிகிறது, நன்றி அம்மா. திண்டுக்கல்லில் 1990-லிருந்து சக்தி கலைக்குழு இருக்கிறது. பெண்களே பறையடித்து ஆடும் குழு, எத்தனையோ கிராமத்துப் பெண்பிள்ளைகள் அங்கே கற்று உலக மேடை ஏறியிருக்கிறார்கள். சென்னையில் புத்தர் கலைக்குழு மணிமாறனும் மகிழினியும் பல வருடமாகப் பறை சொல்லித்தருகிறார்கள். கானாவில் பெண்ணே இல்லை என்றார்கள், இசைவாணி வந்து நின்றார். 2020-ல் பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. ஒன்று மட்டும் சொல்லுங்கள் உங்கள் பெண்ணிடம்: முதல் மாதம் தோள் வலிக்கும், உள்ளங்கை கொப்புளிக்கும், தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளட்டும். பரீட்சை மார்ச்சில்தான், வகுப்பு இப்போதே தொடங்கலாம்.

ராஜகீழ்ப்பாக்கம்: இதையெல்லாம் இளையராஜா அன்றே செய்துவிட்டாரே?

செய்தார். 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தபோது வயக்காட்டு மெட்டு பேஸ் கிட்டாரோடு வீட்டு ரேடியோவுக்குள் நுழைந்தது. அந்தக் கடன் எல்லோருக்கும் உண்டு. ஆனால் சினிமாப் பாட்டில் வாத்தியக்காரரின் முகம் தெரியாது, திரையில் வேறொருவர் அடிப்பதுபோல் நடிப்பார். குழு என்று மேடைக்கு வரும்போது அடிக்கிறவரே வருகிறார். தர்புகா சிவா நடத்திய ‘லா பொங்கல்’ குழுவில் அப்படித்தான் அந்தோணி தாசன் என்ற பெயரை நகரம் தெரிந்துகொண்டது. தஞ்சாவூர்ப் பக்கத்து நாதஸ்வரக்காரர் மகன், கரகாட்ட மேடையில் வளர்ந்தவர். கர்நாடக சங்கீதம் கற்ற பிரதீப் குமாரும் அதே குழுவில். ஒரே பாட்டில் அந்த இரண்டு குரலையும் கேட்டால், தனித்தனியாக வளர்த்த இரண்டு கன்று ஒரே தொட்டியில் தண்ணி குடிப்பதுபோல் இருக்கும்.

பம்மல்: எலெக்ட்ரிக் ஆட்டப்பாட்டில் உங்களுக்குப் பிடித்த மூத்தவர்?

ஏ.இ. மனோகரன். ‘சுராங்கனி’ என்றால் தாத்தாவும் ஆடுவார். போர்த்துக்கீசியர் காலத்தில் இலங்கையில் வேர்விட்ட பைலாவைத் தமிழுக்கும் பொப் இசைக்கும் கொண்டுவந்தவர். 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். கீழ்ப்பாக்கத்தில் 19 பேர் மேடை ஏறிய அதே மாதம்.

கூடுவாஞ்சேரி: அறிவு தனியாகப் போய்ப் பெரிய ஆள் ஆகிவிட்டார். குழு என்றால் கடைசியில் உடைவதுதானா?

ஜமாவிலிருந்து ஒருவர் தனிச் செட்டு போடுவது புதிதா? அறிவு 2019-ல் ‘தெருக்குறள்’ கொண்டுவந்தார். 2021 மார்ச்சில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ உலகம் சுற்றியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையை அதில் வைத்தார். அது எனக்குப் பெருமை. வருத்தம் எதில் என்றால், அதே வருடம் ஆகஸ்டில் ஒரு இசைப் பத்திரிகை அந்தப் பாட்டைக் கொண்டாடிய அட்டைப்படத்தில் எழுதிப் பாடிய அறிவு இல்லை. இரஞ்சித் அதைப் பகிரங்கமாகக் கேட்டார், பலரும் சேர்ந்து கேட்டார்கள், பிறகு அறிவை வைத்து இணைய அட்டை ஒன்று வந்தது. இவ்வளவு பெயர் எடுத்தவருக்கே இந்த நிலை என்றால் சட்டி அடிப்பவருக்கு? அதனால்தான் இரண்டாவது கேள்வியில் நாலு பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதினேன்.

கிறிஸ்தவக் கல்லூரி மாணவி, தாம்பரம்: நாங்கள் ஐந்து பேர் ஒரு குழு ஆரம்பிக்கிறோம். கீபோர்டு, கிட்டார், பேஸ், டிரம்ஸ், பாட்டு. பறைக்கு ஒருவரை ‘ஏற்பாடு’ செய்துகொள்ளலாமா?

‘ஏற்பாடு’ என்ற சொல்லை முதலில் அடித்துவிடுங்கள் தங்கச்சி. ஆறாவது ஆளாகச் சேருங்கள். காசை ஆறாகப் பிரியுங்கள், போஸ்டரில் ஆறு பெயர் போடுங்கள். ஒத்திகைக்கு அவரைக் கல்லூரிக்கு வரச்சொல்வதைவிட முதல் முறை நீங்கள் அவர் இருக்குமிடம் போங்கள். 2020 டிசம்பரில் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ மேடைகளைப் பாருங்கள், ஒப்பாரி பாடும் அம்மாவும் ராப் பாடும் பையனும் எப்படி அடுத்தடுத்து நிற்கிறார்கள் என்று தெரியும். முதல் கச்சேரி எப்போது? டிக்கெட் வாங்கித்தான் வருவேன்.

கடப்பேரி, வீட்டுக்கு நேரத்தோடு போகவேண்டிய பையன்: அண்ணா, இந்த மாதிரிக் கச்சேரிக்குப் போனால் எங்கே நின்று கேட்பது நல்லது?

நடுவில் எல்லோரும் பாடகரைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீ ஓரமாக, சட்டிக்காரரின் மணிக்கட்டு தெரிகிற இடத்துக்கு நகர்ந்துவிடு தம்பி. காதில் கொஞ்சம் பஞ்சு. பாட்டு முடிந்ததும் அவர் பக்கம் திரும்பிக் கை தட்டு, பெயரைக் கேட்டுக்கொள். கடைசி தாம்பரம் வண்டி எத்தனை மணிக்கு என்று முன்னாலேயே பார்த்துவை. இவர்கள் நிறுத்தமாட்டார்கள்.